ஐந்தாம் நாள் சிவப்புப் புள்ளி: இனி பெனிசிலினே கூடாதா?

தேனி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் தவிர்த்து, அதன் சுருக்கம்:

மகனுக்கு வயது 6, எடை 18 கிலோ. ஆறு வாரத்துக்கு முன் திடீரென்று கடும் காய்ச்சல், எச்சில்கூட விழுங்க முடியாத தொண்டை வலி. சளி, இருமல் இல்லை. குழந்தை மருத்துவர் தொண்டையைப் பார்த்துவிட்டு, டான்சிலில் சீழ் வைத்திருக்கிறது என்று அமாக்சிசிலின்-கிளாவுலனேட் 457 டிரை சிரப்பை எழுதினார். காலை 5 மி.லி., இரவு 5 மி.லி., பத்து நாளைக்கு. 30 மி.லி. பாட்டில் ஒன்று வாங்கினார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, பாட்டிலும் தீர்ந்தது. அத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து மறுபடி காய்ச்சல். இந்த முறை மூக்கொழுகல், இருமல், கண் சிவப்பு. டாக்டரிடம் போகாமல் பழைய சீட்டையே மருந்துக் கடையில் காட்டியிருக்கிறார்கள். 457 இல்லை என்று 228.5 கொடுத்த கடைக்காரர், "அதே மருந்துதான், அதே அளவு கொடுங்க" என்றாராம். பள்ளிக்குக் கிளம்பும்போது எட்டு மணிக்கு ஒரு ஸ்பூன், திரும்பி வந்ததும் நான்கு மணிக்கு ஒரு ஸ்பூன். ஐந்தாம் நாள் மார்பு, முதுகு முழுக்கத் தட்டையான சிவப்புப் புள்ளிகள். அரிப்பு பெரிதாக இல்லை, பையன் விளையாடிக்கொண்டுதான் இருந்தான். கூடவே நாளுக்கு நான்கைந்து முறை வயிற்றுப்போக்கு. "பெனிசிலின் அலர்ஜி, வாழ்நாளுக்கும் கூடாது" என்று சொல்லி, கடையில் அசித்ரோமைசின் கொடுத்தார்கள். நான்கு நாளில் புள்ளிகள் மறைந்தன.

மாமியாருக்கு 60 வயது. 14 வயதில் ருமாட்டிக் காய்ச்சல் (ஸ்ட்ரெப் கிருமியின் தொண்டைத் தொற்றுக்குப் பிறகு மூட்டையும் இதய வால்வையும் தாக்கும் நோய்) வந்து, மூன்று வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி என்று தொடங்கினார்கள். இரண்டாவது ஊசியில் மயங்கி விழுந்தார். உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊசியை நிறுத்திவிட்டார்கள். பின்னாளில் இதய வால்வு கெட்டு, செயற்கை உலோக வால்வு வைத்தார்கள். தினமும் வார்ஃபரின் எடுக்கிறார். 'பாட்டிக்கு இருந்ததுதான் பேரனுக்கும்' என்பது வீட்டில் பேச்சு. போன வாரம் மாமியார் பல் வலிக்குக் கடையில் 625 மாத்திரையும் வலி மாத்திரையும் ஐந்து நாளைக்கு வாங்கிப் போட்டிருக்கிறார். வலி குறைந்தது, கையில் மட்டும் அங்கங்கே நீலத் தடம் தெரிகிறதாம்.

மகனுக்கு வந்தது அலர்ஜியா, பள்ளி மருத்துவ அட்டையில் அப்படி எழுதிவிடலாமா, மூன்று நாளில் மருந்தை நிறுத்தியதால் அவனுக்கும் பாட்டியைப் போல இதயம் பாதிக்குமா, ஃப்ரிட்ஜில் மீதமிருக்கும் சிரப்பைச் சளி பிடித்திருக்கும் மூன்று வயது மகளுக்குக் கொடுக்கலாமா? இவை அவரது கேள்விகள்.

முதலில் மாமியார்

அன்புச் சகோதரிக்கு, மகனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நீங்கள், மாமியாரின் கையில் உள்ள நீலத் தடத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். இந்தக் கடிதத்தில் அவசரமான விஷயம் அதுதான். இதைப் படிக்கும் நாளிலேயே அவருக்கு, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

வார்ஃபரின் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்துத்தான் ரத்தம் உறைவதைக் குறைக்கிறது. ஆன்டிபயாடிக் குடலில் உள்ள பாக்டீரியாக்களை அழிக்கும்போது, அவை தயாரித்துக் கொடுக்கும் வைட்டமின் கே-யும் குறைகிறது. பல் வலியில் சாப்பாடு சரியாக இறங்கியிருக்காது. கீரை, காய் வழியாக வருவதும் குறைந்திருக்கும். இத்துடன் அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை சேர்ந்தால் ரத்தத் தட்டணுக்களும் வேலை செய்யாது, இரைப்பையிலும் புண்ணாகும். பல் வலிக்கு மெட்ரோனிடசோலையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். அது கல்லீரல் வார்ஃபரினைச் சிதைக்கும் வேகத்தையே குறைத்துவிடும் என்பதால் மூன்றிலும் இதுதான் மோசமான கூட்டாளி. கடையில் காகித உறையில் போட்டுக் கொடுத்த 'செட்'டில் என்னென்ன இருந்தன என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

ஐ.என்.ஆர். இருக்க வேண்டிய அளவு, மிட்ரல் இடத்தில் உலோக வால்வு என்றால் பொதுவாக 2.5 முதல் 3.5, மகாதமனி வால்வு என்றால் பலருக்கு 2 முதல் 3. அதற்கு மேல் இருந்தால் வார்ஃபரினை எத்தனை நாள் நிறுத்துவது, எவ்வளவு குறைப்பது என்பதை இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நீலத் தடத்தைப் பார்த்துப் பயந்து நீங்களாக நிறுத்தினால் வால்வில் ரத்தக் கட்டி சேரும். அது இதைவிடப் பெரிய ஆபத்து. கறுப்பாக மலம் போவது, சிறுநீரில் ரத்தம், நிற்காத ஈறு ரத்தம், திடீர்த் தலைவலியோடு வாந்தி, தலையில் அடி, இவற்றில் ஒன்று இருந்தாலும் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பல் வலி குறைந்தாலும் சொத்தை அங்கேயேதான் இருக்கிறது. செயற்கை வால்வு உள்ளவருக்குப் பல் பிடுங்கும்போதோ ஈறு கிளறப்படும்போதோ கிருமி ரத்தத்தில் இறங்கி வால்வில் ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதனால் அந்தச் சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடம் முன் அமாக்சிசிலின் 2 கிராம் ஒரே வேளையாகக் கொடுப்பார்கள். வால்வு வைத்தது, வார்ஃபரின் இரண்டையும் பல் மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள். குளிரோடு காய்ச்சல் வந்தால் கடை மாத்திரை ஒன்றுகூட வேண்டாம். முதலில் ரத்தத்தை கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துக் கண்டுபிடிக்கும் பரிசோதனைக்கு) எடுக்க வேண்டும். இரண்டு ஆன்டிபயாடிக் உள்ளே போய்விட்டால் கிருமி பரிசோதனையில் அகப்படாமல் ஒளிந்துகொள்ளும்.

625 என்பது பெனிசிலின்தான்

பெனிசிலினே ஆகாது என்று 46 வருடமாகச் சொல்லப்பட்ட ஒருவர், போன வாரம் ஐந்து நாள் பெனிசிலின் சாப்பிட்டிருக்கிறார். 625 என்றால் அமாக்சிசிலின் 500 மி.கி., கிளாவுலனிக் அமிலம் 125 மி.கி. அமாக்சிசிலின் பெனிசிலின் குடும்பம். ஆக்மென்டின், கிளாவம், மாக்ஸிகைண்ட் சிவி, மாக்ஸ், நோவாமாக்ஸ் என்று எந்தப் பெயரில் வந்தாலும் உள்ளே இருப்பது அதுவே. ஆம்பிசிலின், கிளாக்சசிலின் கேப்சூல்களும் அதே குடும்பம். மருந்துப் பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. அலர்ஜி உள்ளவர்களுக்கு அந்தப் பொடி எழுத்துதான் உயிர்.

ஐந்து நாளும் தடிப்பு இல்லை, மூச்சிரைப்பு இல்லை, முக வீக்கம் இல்லை என்றால், அவருக்கு இன்று உடனடி வகைப் பெனிசிலின் அலர்ஜி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அன்று நடந்தது என்னவாக இருக்கும்? மூன்று வாரத்துக்கு ஒரு முறை போடும் பென்சத்தின் பெனிசிலின் கெட்டியான மருந்து. தசைக்குள் இறங்கும்போது நன்றாக வலிக்கும். வெறும் வயிற்றோடு வரிசையில் நின்று, வலியிலும் பயத்திலும் நாடித்துடிப்பு குறைந்து, முகம் வெளுத்து, வியர்த்து விழுந்து, படுக்க வைத்ததும் சில நிமிடத்தில் தெளிவது ஒரு வகை. உடம்பெல்லாம் காணாக்கடி போலத் தடித்து, உதடு வீங்கி, மூச்சிரைத்து, நாடி வேகமாக ஓடி, அட்ரினலின் ஊசி போடும்வரை மீளாதது இன்னொரு வகை. முதலாவது மயக்கம், இரண்டாவது அலர்ஜி. மாமியாருக்கு நினைவிருந்தால் எது என்று கேளுங்கள். போன வார ஐந்து நாள் விவரத்தை அவரது மருத்துவரிடம் சொல்லி, பழைய 'அலர்ஜி' குறிப்பு மறுபடி மதிப்பிடப்பட வேண்டும். உண்மையான அலர்ஜி உள்ளவர்களிலும் பெரும்பாலோருக்குப் பத்து ஆண்டில் அது விலகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தில் ஒருவருக்கு அலர்ஜி என்பதற்காக மற்றவருக்குப் பெனிசிலினைத் தவிர்க்கத் தேவையில்லை. பாட்டிக்கு உண்மையிலேயே அலர்ஜி இருந்திருந்தாலும் பேரனுக்கு இதே பதில்தான்.

மகனுக்கு வந்த புள்ளிகள்

குழந்தையை நேரில் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விவரங்கள் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன. இரண்டாவது முறை வந்தது மூக்கொழுகல், இருமல், கண் சிவப்போடு கூடிய காய்ச்சல். அது வைரஸ், எந்த ஆன்டிபயாடிக்கும் அதற்குத் தேவையே இல்லை. வைரஸ் காய்ச்சல் இறங்கும் தறுவாயில் உடம்பில் சிவப்புப் புள்ளி போடுவது குழந்தைகளிடம் அன்றாடம் பார்ப்பது. அந்த நேரத்தில் அமாக்சிசிலினும் உள்ளே இருந்தால் பழி மருந்தின் மேல் விழுகிறது. வைரஸே இல்லாவிட்டாலும், அமாக்சிசிலின் சாப்பிடும் குழந்தைகளில் சிலருக்கு நான்காம், ஐந்தாம் நாளுக்கு மேல் தட்டையான, அரிப்பில்லாத புள்ளிகள் வரும், தானாகப் போகும். சூடான மருந்து என்பதால் உடம்பு பொரிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இளநீரும் மோரும் கொடுப்பதில் தவறில்லை. அதற்கும் இந்தப் புள்ளிகளுக்கும் தொடர்பில்லை.

ஆபத்தான அலர்ஜியின் முகம் வேறு. மருந்து கொடுத்த சில நிமிடத்திலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் வரும். கொசு கடித்தது போலத் தூக்கலான, கடுமையாக அரிக்கும் தடிப்புகள் ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் எழும். முந்தைய பாட்டிலில் ஆறு வேளை, இதில் நான்கு நாள் எதுவும் நடக்காமல், ஐந்தாம் நாள் விளையாடிக்கொண்டிருக்கும் பையனுக்கு வந்த தட்டைப் புள்ளி அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததாகத் தெரியவில்லை.

வயிற்றுப்போக்கு அலர்ஜியே அல்ல. அதற்குப் பெரும்பாலும் காரணம் கூட்டு மருந்தில் உள்ள கிளாவுலனேட். ஓ.ஆர்.எஸ்., தயிர் சாதம், வழக்கமான சாப்பாடு போதும். மலத்தை நிறுத்தும் மாத்திரை குழந்தைக்குக் கூடாது. மலத்தில் ரத்தம், சுருண்டு படுக்கும் வயிற்று வலி இருந்தால் மட்டும் உடனே காட்டுங்கள். ஆன்டிபயாடிக் முடித்துச் சில வாரம் கழித்து வந்தாலும் அப்படியே.

இங்கே இன்னொன்று. தொண்டையைத் தாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்கு பெனிசிலினை எதிர்க்கும் திறன் இன்றுவரை வரவில்லை. எண்பது வருடமாக மருந்து புழக்கத்தில் இருந்தும் அப்படி. பெனிசிலினை உடைக்கும் நொதியை இந்தக் கிருமி சுரப்பதில்லை. கிளாவுலனேட்டின் வேலையோ அந்த நொதியைத் தடுப்பது மட்டும்தான். ஆகவே வெறும் தொண்டைத் தொற்றுக்குச் சாதாரண அமாக்சிசிலினே போதும். கிளாவுலனேட் சேர்ந்தால் அதிகம் கிடைப்பது வயிற்றுப்போக்குதான். காதில் சீழ், சைனஸ், நாய்க்கடி, பூனைக்கடி போன்றவற்றில் கூட்டு மருந்துக்கு நல்ல இடம் உண்டு. 'பவர் அதிகமான' மருந்து என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், வேறு வேலைக்கான மருந்து அது. அடுத்த முறை, "சாதா அமாக்சிசிலின் போதுமா டாக்டர்?" என்று கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்துக்கொண்டாலும் கேளுங்கள்.

457-க்கும் 228.5-க்கும் நடுவில்

மருந்தைவிட அளவில்தான் அதிகம் பிசகியிருக்கிறது. 457 சிரப்பில் 5 மி.லி.க்கு அமாக்சிசிலின் 400, கிளாவுலனேட் 57 மி.கி. உங்கள் டாக்டர் எழுதியபடி நாளுக்கு 10 மி.லி. கொடுத்தால் அமாக்சிசிலின் 800 மி.கி.; 18 கிலோவுக்கு வகுத்தால் கிலோவுக்கு 44. சரியான கணக்கு. 228.5-ல் 5 மி.லி.க்கு 200, 28.5 மட்டுமே. அதையும் 5 மி.லி. கொடுத்தால் கிலோவுக்கு 22, பாதி மருந்து. இந்த இரண்டு சிரப்பிலும் விகிதம் ஒன்றுதான் என்பதால் 228.5-ஐ 10 மி.லி.யாகக் கொடுத்தால் சரியாகியிருக்கும். ஆனால் எல்லாவற்றையும் இப்படிப் பெருக்கிச் சரிக்கட்ட முடியாது. 375 மாத்திரையில் 250-உடன் 125 கிளாவுலனேட் இருக்கிறது. இரண்டு 375 போட்டால் 625-க்குச் சமம் என்று நினைத்தால் கிளாவுலனேட் இரட்டிப்பாகிவிடும். கடையில் வேறு எண்ணுள்ள பாட்டிலைக் கொடுத்தால் எழுதிய டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

ஸ்பூனும் அளவு அல்ல. வீட்டு ஸ்பூன் ஒன்றில் 3 மி.லி. பிடிக்கும், இன்னொன்றில் 7 பிடிக்கும். ஊசியில்லாத 5 மி.லி. சிரிஞ்சோ, பெட்டியோடு வரும் கோடு போட்ட மூடியோ பயன்படுத்துங்கள்.

நேரமும் கவனிக்க வேண்டியது. அமாக்சிசிலின் ரத்தத்தில் சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். கிருமியைக் கொல்லும் அளவுக்கு மேல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில்தான் அதன் வெற்றி. காலை எட்டுக்கும் மாலை நான்குக்கும் கொடுத்தால், அதற்குப் பிறகு மறுநாள் காலைவரை பதினாறு மணி நேரம் கிருமிக்கு ஓய்வு. எட்டுக்கு எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். குடித்த அரை மணிக்குள் முழுதாக வாந்தி எடுத்துவிட்டால் அந்த வேளையைத் திரும்பக் கொடுக்கலாம். கூட்டு மருந்தை முதல் கவளம் சாப்பிடும்போது கொடுத்தால் வயிறும் தாங்கும், கிளாவுலனேட்டும் நன்றாக உறிஞ்சப்படும். பாலோடு கூடாது என்பது வேறு சில ஆன்டிபயாடிக்குகளுக்கான விதி, இதற்கு இல்லை.

டிரை சிரப்பைக் கலக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பாட்டிலைத் தட்டிப் பொடியை உதிர்த்துக்கொள்ளுங்கள். பெட்டியிலேயே தண்ணீர்க் குப்பி இருந்தால் அதையே ஊற்றுங்கள். இல்லையென்றால் கொதிக்க வைத்து நன்றாக ஆறிய தண்ணீரை, முதலில் பாதி ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கியதும் கோடு வரை நிரப்புங்கள். வெந்நீர் வேண்டாம், கிளாவுலனேட் சூட்டிலும் ஈரத்திலும் சீக்கிரம் கெடும். கலக்கிய பிறகு ஃப்ரிட்ஜில் (ஃப்ரீசரில் அல்ல) 7 நாள்தான். ஒவ்வொரு வேளைக்கும் முன் குலுக்க வேண்டும். குலுக்காவிட்டால் முதல் நாள் தண்ணீரும் கடைசி நாள் வண்டலும்தான் பிள்ளைக்குப் போகும். 10 நாள் சிகிச்சைக்கு 30 மி.லி. பாட்டில் நான்கு தேவை. நான்கையும் ஒரே நாளில் வாங்கலாம், ஒரே நாளில் கலக்கக் கூடாது.

மூன்று நாளில் நிறுத்தியது

பாட்டில் தீர்ந்தால் சிகிச்சை தீர்ந்தது என்று எடுத்துக்கொண்டது நீங்கள் மட்டும் அல்ல. எந்த ஆன்டிபயாடிக்கானாலும் பத்து நாள் போட்டே தீர வேண்டும் என்பதும் பழைய எண்ணம்தான்; ஆபத்தில்லாத நிமோனியாவுக்கு ஐந்து நாள் அமாக்சிசிலின் போதும் என்று இப்போது தெரியும். ஸ்ட்ரெப் தொண்டை இதற்கு ஒரு விதிவிலக்கு. இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விட்டாலும் கிருமி தொண்டையில் தங்கியிருக்கும். அதை முழுதாகத் துடைப்பதற்குத்தான் 10 நாள். ருமாட்டிக் காய்ச்சலைத் தடுப்பதே அதன் நோக்கம். தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் ஆரம்பித்தாலே இந்தப் பாதுகாப்பு கிடைத்துவிடும்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். தொண்டை வலிகளில் பெரும்பகுதி வைரஸ். ஸ்ட்ரெப்பாகவே இருந்து, மருந்தே கொடுக்காமல் விட்டாலும் ருமாட்டிக் காய்ச்சல் வருவது நூற்றில் ஒருசிலருக்குத்தான். வருவதாக இருந்தால் தொண்டை வலிக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து, அதிகம் போனால் ஐந்து வாரத்துக்குள் காய்ச்சலோடு முழங்கால், கணுக்கால் என்று ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்குத் தாவும் வீக்கமாகத் தலைகாட்டும். ஆறு வாரம் கடந்துவிட்டது. அப்படி எதையும் நீங்கள் எழுதவில்லை. கை, கால், முகம் தானாக வெட்டி இழுப்பது, எழுத்து கோணலாவது மட்டும் சில மாதம் கழித்தும் வரலாம். அதைக் கண்டால் குறும்பு என்று அதட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். எப்படியும் ஒருமுறை ஸ்டெதாஸ்கோப் வைத்து இதயத்தைக் கேட்கச் சொல்லுங்கள். அன்று பாதியில் நிறுத்தியதற்காக இப்போது மறுபடி பத்து நாள் மருந்து தொடங்க வேண்டியதில்லை.

அட்டையில் என்ன எழுதுவது

'பெனிசிலின் அலர்ஜி' என்று இரண்டு வார்த்தை எழுதிவிடுவது எளிது, அழிப்பதுதான் பாடு. அந்தக் குறிப்பு உள்ள குழந்தைக்கு, மலிவான, நன்கு பழகிய மருந்து இருக்கும்போதே அசித்ரோமைசின், செஃபிக்சைம் என்று அகன்ற வீச்சு மருந்துகள் போகும். ஸ்ட்ரெப் கிருமிக்கு அசித்ரோமைசினை எதிர்க்கும் வகைகள் உண்டு, பெனிசிலினை எதிர்க்கும் வகை இல்லை. அலர்ஜி என்று முத்திரை விழுந்தவர்களை முறையாகப் பரிசோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மருந்தைத் தாங்கிக்கொள்கிறார்கள்.

அதனால் இப்போதைக்கு இப்படி எழுதுங்கள்: 'அமாக்சிசிலின்-கிளாவுலனேட் எடுத்த 5-ஆம் நாள் தட்டையான சிவப்புப் புள்ளிகள், அப்போது சளிக் காய்ச்சல் இருந்தது, தடிப்பு, வீக்கம், மூச்சிரைப்பு, கொப்புளம் இல்லை, நான்கு நாளில் மறைந்தது, உறுதி செய்யப்படவில்லை.' தேதியும் போடுங்கள். புள்ளிகளை செல்போனில் படம் எடுத்திருந்தால் அழிக்காதீர்கள்.

உறுதி செய்ய வழி உண்டு. புள்ளி வந்து நான்கு முதல் ஆறு வாரம் போனபின், குழந்தைகள் நல மருத்துவரின் மேற்பார்வையில், அட்ரினலின் தயாராக உள்ள மருத்துவமனையில், அமாக்சிசிலினை முதலில் சிறிதளவு, பிறகு மீதியளவு வாயால் கொடுத்து ஒன்றிரண்டு மணி நேரம் உட்கார வைத்துப் பார்ப்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் கேட்டுப் பாருங்கள். போவதற்கு ஒரு வாரம் முன்பே செட்ரிசின் போன்ற அலர்ஜி மருந்துகளை நிறுத்த வேண்டும். இதை வீட்டில் முயன்று பார்க்கக் கூடாது. கையில் தோலுக்கடியில் ஊசி போட்டுப் பார்க்கும் 'டெஸ்ட் டோஸ்' இதற்கு மாற்று ஆகாது. அதற்கென்றே தயாரித்த கரைசல்கள் இல்லாமல் செய்தால், வீங்கினாலும் வீங்காவிட்டாலும் நம்ப முடியாது. பரிசோதனை முடியும்வரை, ஆன்டிபயாடிக் தேவைப்பட்டால் இந்தக் குறிப்பைக் காட்டுங்கள். செஃபலெக்சின், செஃபட்ராக்சில் ஆகிய இரண்டும் அமைப்பில் அமாக்சிசிலினை ஒத்த பக்கச் சங்கிலி உள்ளவை என்பதால் அவற்றையும் மருத்துவர் யோசித்தே எழுதுவார்.

இவை மட்டும் எக்காலத்திலும் காத்திருக்கக் கூடாதவை:

- மருந்து கொடுத்த சிறிது நேரத்தில் தடிப்போடு உதடு, நாக்கு வீக்கம், மூச்சிரைப்பு, விடாத வாந்தி, துவண்டு போவது: 108-ஐ அழைத்து, காலைச் சற்று உயர்த்திப் படுக்க வையுங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரட்டும்.
- வாய், கண், பிறப்புறுப்பில் புண், தோலில் கொப்புளம், தொட்டாலே வலி, தோல் உரிவது: மருந்தை அப்போதே நிறுத்தி மருத்துவமனை. இப்படி வந்தவருக்கு மேலே சொன்ன வாய்வழிப் பரிசோதனையும் கிடையாது; அந்த மருந்து இனி இல்லை.
- மாமியாருக்கு: 625 முடித்து ஒன்றரை மாதம் வரை உடல் அரிப்பு, கண் மஞ்சள், தேநீர் நிறச் சிறுநீர். கூட்டு மருந்து அபூர்வமாகக் கல்லீரலைத் தாமதமாகத் தொடும்.

மகளுக்கு மீதி சிரப்பு

வேண்டாம். சளிக்கு அது வேலை செய்யாது. கலக்கி 7 நாள் தாண்டிய சிரப்பு யாருக்கும் ஆகாது. பாட்டிலில் மண்ணோ காப்பித்தூள் சக்கையோ போட்டுக் குலுக்கி, மூடிக் குப்பையில் போடுங்கள். சிங்க்கில் ஊற்ற வேண்டாம். பழைய சீட்டைக் காட்டி வாங்கும் பழக்கத்தையும் அத்தோடு தள்ளிவிடுங்கள். மாத்திரை அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவர் இந்த நோய்க்கு, இந்த நபருக்கு எழுதினால்தான் வாங்க வேண்டும் என்று அர்த்தம்.

மகளுக்குக் காய்ச்சல் இருந்தால் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. 13 கிலோ என்று வைத்துக்கொண்டால் 5 மி.லி.க்கு 250 மி.கி. உள்ள சிரப்பில் 4 மி.லி.; 125 என்று எழுதியிருந்தால் 8 மி.லி. இங்கும் அதே எண் குழப்பம் காத்திருக்கிறது, பாட்டிலைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு, இருமலுக்குத் தூங்கும்முன் அரை ஸ்பூன் தேன்.

அவள் அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இந்த வயதில் 40-ஐத் தொட்டாலோ, விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலோ, குடிக்க மறுத்தாலோ, காது வலித்தாலோ, காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ டாக்டரிடம் கூட்டிப்போங்கள். போகும்போது அண்ணனின் குறிப்பையும் கையோடு எடுத்துப்போய், இரண்டு பேரையும் ஒரே நாளில் காட்டிவிடலாம்.